ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறு!

2019ஆம் ஆண்டு மே மாதம். என் கல்லூரி மாணவர்கள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்க்க வத்தலக்குண்டு வழியாக மலை ஏறிக்கொண்டிருந்தேன். பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே பேருந்து நின்றுவிட்டது. முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. சாலையின் மேல் சாய்ந்திருந்த ஒரு பெரிய தைல மரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் இறங்கி வேடிக்கை பார்க்கப் போனார்கள். நானும் போனேன்.

தெருவிளக்குப் பழுது பார்க்கப் பயன்படும் லிஃப்ட் வண்டி ஒன்றை வரவழைத்திருந்தார்கள். லாரியின் முதுகிலிருந்து நீண்ட இரும்புக் கை. கையின் நுனியில் ஒரு தொட்டி. தொட்டிக்குள் பவர் சாவுடன் ஒருவர். வண்டி நகராமலும் சாயாமலும் இருக்க இரு பக்கமும் ஜாக்கிக் கால்களை இறக்கியிருந்தார்கள். மலைப்பக்கத்துக் கால் தார்ச்சாலையில் நின்றது. பள்ளத்துப்பக்கத்துக் கால் சாலையோர மண்ணில் நின்றது. முந்தைய நாள் நல்ல கோடை மழை.

தொட்டி மேலே போயிற்று. பிறகு பள்ளத்துப்பக்கமாகத் திரும்பிற்று. அப்போது அந்த ஈர மண்ணில் ஜாக்கிக் கால் மெல்ல இறங்குவதைக் கண்டேன். ஒரு சாண் கூட இருக்காது. ஆனால் மேலே தொட்டி வெளிப்பக்கமாக ஒரே வீச்சாக வீசி நின்றது. கையிலிருந்த பவர் சா நழுவிக் கீழே விழுந்தது. அந்த மனிதர் இரும்புக் கையைக் கட்டிக்கொண்டார். அவர் இடுப்பில் பெல்ட் இல்லை. கீழே இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். எந்தப் பிடியை இழுத்தால் தொட்டி இறங்கும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நல்ல வேளையாகச் சற்று நேரத்தில் ஓட்டுநர் தேநீர்க் கடையிலிருந்து ஓடி வந்து தொட்டியை இறக்கினார். யாருக்கும் அடியில்லை.

பேருந்து புறப்பட்டதும் மாணவர்கள் சிரித்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மாணவன் மட்டும் பேசாமல் இருந்தான். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுள்ள ஒரு கிராமத்துப் பையன். அவன் தந்தை சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிழல் கழிக்கிறவர். "என்னப்பா?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "எங்கப்பா மரம் ஏறும்போது ஒவ்வொரு கிளையையும் ஆட்டிப் பார்த்துட்டுத்தான் சார் காலை வைப்பாரு. இவரு ஒண்ணையுமே ஆட்டிப் பார்க்கலையே சார்."

அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. மாணவ நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். உயரத்தில் நின்று மரம் கழிக்க இயந்திரம் வந்தது நல்லதே. ஆனால் அதில் ஏறுகிறவருக்கும், கீழே நிற்கிறவருக்கும் முறையான பயிற்சி தராமல் அதை அனுப்புவது, ஓர் ஆபத்தை எடுத்துவிட்டு இன்னோர் ஆபத்தை வைப்பதாகும் என்பது என் கருத்து.

மலையும் மரமும்

பழனி மலையில் மரம் கழிப்பது ஒரு சில்லறை வேலை அல்ல. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்குமேல் உயரத்திலுள்ள கொடைக்கானலைச் சுற்றி, பழைய சோலைக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் பக்கத்தில், தைல மரம், வாட்டில், பைன் ஆகிய வெளிநாட்டு மரங்கள் ஏராளமாக நடப்பட்டன. இவை விரைவாக நெடுநெடுவென்று வளர்பவை. வாட்டிலின் வேர் ஆழம் போகாது. பெருங்காற்றில் வேரோடு சாய்ந்துவிடும். இம்மரங்கள் பல இடங்களில் சாலையோரத்திலும், வீடுகளின் மேலும், மின்கம்பிகளின் மேலும் கவிழ்ந்து நிற்கின்றன.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கடற்கரை மாவட்டங்களை அழித்த பின் உள்நாட்டில் நுழைந்து திண்டுக்கல் மாவட்டத்தின் வழியே சென்றது. கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் கொடைக்கானல் மலையிலும் ஏராளமான மரங்கள் விழுந்தன, சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. தமிழகம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அதற்குப் பிறகு, "புயல் வந்து தள்ளுமுன் நாமே கழித்துவிடுவோம்" என்ற எண்ணம் மலைவாசிகளிடம் வலுப்பட்டது. அது சரியான எண்ணம்தான். ஆனால் யார் கழிப்பது, எப்படிக் கழிப்பது?

இதுவரை நம் வழி, கயிறும் அரிவாளும் துணிவும்தான். ஒருவர் மரத்தில் ஏறுவார், கிளையில் கயிறு கட்டுவார், வெட்டுவார், கீழே நால்வர் இழுப்பார்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் 1.4 வினாடியில் தரையை அடைவார். அப்போது அவர் வேகம் வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். ஓடுகிற பேருந்து மோதுவதற்குச் சமம். எனவே அந்த மனிதரை மரத்திலிருந்து இறக்கி, உறுதியான ஒரு தொட்டியில் நிறுத்துவது நிச்சயம் முன்னேற்றமே.

நெம்புகோல் மறப்பதில்லை

இந்த இயந்திரத்தின் கதை சுவையானது. 1944இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜே ஐடெல் என்பவர் செர்ரிப் பழம் பறிக்க ஏணியை நகர்த்தி நகர்த்தி அலுத்துப்போனார். நின்ற இடத்திலிருந்தே மேலும் கீழும் பக்கவாட்டிலும் போக ஓர் இயந்திரக் கை இருந்தால் என்ன என்று யோசித்தார். பழம் பறிக்கப் பிறந்த யோசனை, பிறகு தொலைபேசிக் கம்பிக்கும், மின்கம்பிக்கும், தெருவிளக்குக்கும், மரத்துக்கும் பயன்பட்டது.

இதன் தசை, உங்கள் பாடத்தில் வரும் பாஸ்கல் விதி. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் அல்லவா? பம்பு எண்ணெயை அழுத்த, அந்த அழுத்தம் அகலமான உருளையிலுள்ள பிஸ்டனைத் தள்ள, கை உயர்கிறது. இதன் எலும்பு, நெம்புகோல். தசையைப் பற்றி எல்லோரும் வியப்பார்கள். விபத்து வருவதோ பெரும்பாலும் எலும்பிலிருந்துதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் உண்மைக்குத் தொலைவானவை அல்ல. கை நீங்கலாக வண்டியின் எடை 4,400 கிலோ. கையும் தொட்டியும் சேர்ந்து 600 கிலோ. தொட்டியில் இரண்டு ஆட்களும் சாமான்களும் 200 கிலோ. கை பக்கவாட்டில் நீண்டு, தொட்டி வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி நிற்கிறது. கையின் ஈர்ப்பு மையம் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது.

முதலில், ஜாக்கிக் கால்களை இறக்கியிருக்கிறார்கள் என்று கொள்வோம். கால், நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி ஊன்றியிருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் அந்தக் காலைப் பற்றித்தான் கவிழ வேண்டும். கவிழ்க்கும் திருப்புத்திறன்: தொட்டிக்கு 200 × 6.5 = 1,300; கைக்கு 600 × 2.5 = 1,500; மொத்தம் 2,800. நிமிர்த்தும் திருப்புத்திறன்: 4,400 × 1.5 = 6,600. இரண்டு மடங்குக்கு மேல். பயமில்லை.

இப்போது, "ஐந்து நிமிஷ வேலைதானே" என்று ஜாக்கியை இறக்காமல் விட்டார்கள் என்று கொள்வோம். கவிழும் கோடு இப்போது சக்கரத்துக்கு வந்துவிடும், நடுக்கோட்டிலிருந்து 0.8 மீட்டர்தான். கவிழ்க்கும் திருப்புத்திறன்: 200 × 7.2 = 1,440; 600 × 3.2 = 1,920; மொத்தம் 3,360. நிமிர்த்துவது: 4,400 × 0.8 = 3,520. அப்பாடா, இன்னும் கவிழவில்லை! "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்று அவர் அடுத்த மரத்துக்கும் அப்படியே போவார். ஆனால் இருநூறுக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் அவர் உயிர் நிற்கிறது.

அடுத்த மரம் சரிவில் இருக்கிறது. சரிவு வெறும் 5 பாகை. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அது பள்ளத்துப்பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் நகரும். நிமிர்த்தும் கையின் நீளம் 0.8 மீட்டரிலிருந்து 0.7 மீட்டர் ஆகிவிடும். 4,400 × 0.7 = 3,080. கவிழ்ப்பதோ 3,360, உயரத்திலிருக்கும் கையும் வெளியே நகர்வதால் உண்மையில் அதைவிடக் கூடுதல். வண்டி கவிழும். பழனி மலையில் 5 பாகைச் சரிவு இல்லாத சாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு ஜியோமிதிப் பெட்டியின் மேல் 30 சென்டிமீட்டர் அளவுகோலைக் குறுக்காக வைத்து, முக்கால் பங்கு வெளியே நீளும்படி ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். நுனியில் நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். எத்தனையாவது நாணயத்தில் பெட்டி கவிழ்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டிக்கடியில் அளவுகோலின் திசையிலேயே இரண்டு பென்சில்களைக் கட்டி, அளவுகோல் நீண்டிருக்கும் பக்கம் மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டுங்கள். இவைதான் ஜாக்கிக் கால்கள். இப்போது எத்தனை நாணயம் தாங்குகிறது? கடைசியாகப் பலகையின் ஒரு முனைக்கடியில் புத்தகம் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். நான் எழுதியதெல்லாம் பத்து நிமிடத்தில் உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும்.

மண் சொல்வதைக் கேள்

அன்று நான் கண்டதில் ஜாக்கி இறக்கப்பட்டுத்தான் இருந்தது. தவறு எங்கே? மண்ணில்.

கை ஒரு பக்கம் நீளும்போது, வண்டியின் எடையில் பெரும் பகுதி அந்தப் பக்கத்துக் கால்களின் மேல் வந்து உட்காரும். ஒரு காலில் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காலின் அடித்தட்டு 20 சென்டிமீட்டர் சதுரமானால் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு 7.5 கிலோ. ஈர மண் இதைத் தாங்குவது சந்தேகமே. அதே காலுக்கடியில் 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள கனத்த மரப்பலகை ஒன்றை வைத்தால் பரப்பு 3,600 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு பலகைத் துண்டு! இதற்குப் பணம் தேவையில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கால் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. இரு பக்கக் கால்களுக்கும் இடையே 3 மீட்டர். ஒன்று 15 சென்டிமீட்டர் இறங்கினால் சாய்வு இருபதில் ஒன்று. தொட்டி 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது 60 சென்டிமீட்டர் பக்கவாட்டில் பாயும். கீழே ஒரு சாணுக்கும் குறைவு; மேலே ஒரு முழத்துக்கும் அதிகம். அன்று பவர் சா நழுவியதன் காரணம் இதுதான்.

பெல்ட்டை எங்கே மாட்டுவது?

நெம்புகோல் இன்னொரு வேலையும் செய்யும். சக்கரம் சிறிது அதிர்ந்தாலும், வெட்டிய கிளை கையின் மேல் விழுந்தாலும், நீண்ட கை வில்லைப்போல் வளைந்து நிமிரும். கவண் கல்லை எறிவதுபோல் தொட்டிக்குள் இருப்பவரைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவேதான் உடல் முழுவதும் சுற்றிய பெல்ட்டும், குட்டையான கயிறும் வேண்டும். நம் நாட்டு ஐ.எஸ். 3521 என்ற தர விதி இத்தகைய பெல்ட்டுகளுக்கென்றே இருக்கிறது. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. விழுகிற அதிர்ச்சி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கிவிடும்.

பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது? மரம் ஏறிப் பழகியவரைக் கேட்டால், "மரத்தில்" என்பார். அவருடைய முப்பது வருட அனுபவம் அப்படிச் சொல்கிறது. ஆனால் இங்கே அது ஆபத்து. தொட்டி ஒருபுறம் நகர, மரம் மறுபுறம் நிற்க, நடுவில் மனிதர் இழுபடுவார். கொக்கியைத் தொட்டியிலோ கையிலோ அதற்கென்று அமைத்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கவனியுங்கள்: பழைய வேலையில் உயிரைக் காத்த அதே பழக்கம் புதிய வேலையில் உயிரைக் கேட்கிறது. "அனுபவமே போதும்" என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கிளையையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 20 சென்டிமீட்டர் தடிமனும் 4 மீட்டர் நீளமும் உள்ள பச்சைத் தைலக் கிளையின் கனஅளவு ஏறத்தாழ எட்டில் ஒரு கனமீட்டர். பச்சை மரம் ஏறக்குறையத் தண்ணீரின் அடர்த்தி என்று கொண்டால் அதன் எடை 125 கிலோ. தொட்டி தாங்கும் எடையில் பாதிக்கு மேல்! அது கயிற்றில் தொங்கி ஊசலாடித் திரும்பி வரும் வழியில் தொட்டி நிற்கக் கூடாது. எனவே வெட்டும் கிளைக்கு நேர் கீழே தொட்டியை நிறுத்தாமல், பக்கவாட்டில் நிறுத்தி, சிறு சிறு துண்டாகக் கழிக்க வேண்டும். தொட்டியின் விளிம்பில் ஏறி எட்டிப் பிடிப்பது, தொட்டிக்குள் ஏணி வைப்பது இரண்டும் கூடவே கூடாது. எட்டாவிட்டால் தொட்டியை நகர்த்து, காலை உயர்த்தாதே.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மின்சாரம். நனைந்த மனித உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டிலேயே 0.23 ஆம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியர் போதும். அப்படியானால் சாலையோரம் செல்லும் 11,000 வோல்ட் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

"தொட்டி கண்ணாடி இழையால் ஆனது, மின்சாரம் பாயாது" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். மின்காப்பு உள்ள லிஃப்ட்களும் உண்டு. ஆனால் வெறும் இரும்புக் கை உள்ளவையும் உண்டு. இரண்டையும் பார்த்தவுடன் பிரித்தறிய முடியாது. மேலும், மின்காப்புக் கை தடுப்பது தரைக்குப் போகும் ஒரு பாதையை மட்டுமே. மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரக் கிளையை ஒரு கையாலும், மரத்தை மறு கையாலும் பிடித்தால் மின்சாரம் அவர் நெஞ்சின் வழியாகவே பாயும். தொட்டி எதனால் ஆனது என்று அது கேட்காது.

ஆகவே கம்பிக்கருகில் மரம் கழிக்கும்போது முதல் வேலை, மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்துவது. மின்வாரிய ஊழியர்கள் இதை "எல்.சி. வாங்குவது" என்பார்கள். அத்துடன் முடியவில்லை. கம்பியைச் சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் தரையுடன் இணைக்க வேண்டும். ஏன் இரு பக்கமும்? கொடைக்கானல் போன்ற ஊரில் விடுதிக்கு விடுதி ஜெனரேட்டர் இருக்கிறது. முறையாக இணைக்காத ஒரு ஜெனரேட்டர், நின்றுபோன கம்பியில் பின்னாலிருந்து மின்சாரத்தை அனுப்பிவிடக்கூடும். அமெரிக்க விதிகளில், மின்வேலைப் பயிற்சி பெறாதவர்கள் 50,000 வோல்ட் வரையிலான கம்பிக்குப் பத்து அடிக்குள், அதாவது ஏறத்தாழ 3 மீட்டருக்குள் போகவே கூடாது என்று இருக்கிறது. மரத்தின் கிளை கம்பியைத் தொட்டால் மரமும் கம்பிதான்.

"எனக்கு எதற்குப் பயிற்சி?"

பயிற்சி வேண்டும் என்று சொன்னால் மூன்று மறுமொழிகள் வரும். மூன்றையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது: "முப்பது வருஷமா மரம் ஏறுறேன் சார், எனக்கே பாடமா?" இவரை நான் வணங்குகிறேன். எந்த மரம் பொந்து, எந்தக் கிளை எப்போது முறியும் என்பதில் அவர் எனக்கு ஆசான். ஆனால் மரத்தில் ஏறுகிறவருக்குப் பயம் என்ற ஒரு துணை உண்டு. காலடியில் கிளை அசையும், நடுங்கும், எச்சரிக்கும். தொட்டியில் நிற்பவருக்கு அந்தத் துணை இல்லை. சுற்றிலும் இடுப்பளவு சுவர், காலடியில் சமதளம், வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல் இருக்கும். பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே ஈர மண்ணில் என்ன நடக்கிறது என்பதை அவர் கால் அவருக்குச் சொல்லாது. உணர்வு சொல்லாததை அறிவுதான் சொல்ல வேண்டும். பயிற்சி என்பது அந்த அறிவுக்கு வைத்த பெயர்.

இரண்டாவது: "செலவு யார் கொடுப்பது?" இது நியாயமான கேள்வி. நாட்கூலிக்காரர் மூன்று நாள் பயிற்சிக்குப் போனால் மூன்று நாள் அடுப்பு எரியாது. ஆகவே பயிற்சி நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பேன். இயந்திரத்தை வாங்குவதற்குப் பல லட்சம் செலவிடுகிறவர்கள், அதில் ஏறுகிற மனிதருக்கு மூன்று நாள் கூலியைக் கணக்குப் பார்ப்பது முறையல்ல. வண்டி வாங்கும் விலையிலேயே பயிற்சியின் விலையும் அடக்கம் என்று நினைக்கப் பழக வேண்டும்.

மூன்றாவது: "மலையில் பாதி இடத்துக்கு இந்த வண்டியே போகாது, பிறகு எதற்கு இந்தப் பேச்சு?" உண்மைதான். காப்பித் தோட்டத்துச் சரிவுக்கும், படிக்கட்டுச் சந்துக்கும் இது போகாது. அங்கே கயிறும் ஏணியும்தான். ஆனால் அதற்கும் பயிற்சி வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் முடிவு; பயிற்சியே வேண்டாம் என்பதல்ல. எங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, எந்த நாளில் ஏறக் கூடாது என்று தெரிவதே பயிற்சியின் பாதி. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பல லிஃப்ட்களுக்கு வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றே உச்ச வரம்பு. மூடுபனி இறங்கிவிட்டால் கீழே இருப்பவரின் கைச்சைகையும் தெரியாது. அன்று "இன்றைக்கு வேலை இல்லை" என்று சொல்லத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர்.

மற்ற நாடுகளிலும் இந்த அறிவு தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1960களில் மரம் கழிக்கும்போது தன் இளம் மகனை இழந்த ஒரு தாய், இந்தத் தொழிலுக்கு விதிகளே இல்லையா என்று கேட்டு விடாமல் முயன்றார். அதன் பயனாக 1968இல் ஒரு குழு அமைந்தது. 1972இல் மரவேலைக்கான முதல் பாதுகாப்பு விதிநூல் வெளிவந்தது. 1983இல் லிஃப்ட் போன்ற இயந்திரங்களுக்கென்றே ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு உருவாயிற்று. பயிற்சி முடித்துத் தேர்வு பெற்றவர்களுக்கு அது ஓர் அட்டை வழங்குகிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். நாமும் ஒரு தாய் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

என்ன செய்யலாம்?

பழனி மலையின் அடிவாரத்திலேயே, வைகை அணையில், வனத்துறையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பௌதிகம் கற்பிக்க எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். மரத்தைக் கற்பிக்கத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து அனுபவசாலிகள் இருக்கிறார்கள். இவர்களை ஓர் இடத்தில் கூட்டி மூன்று நாள் வகுப்பு நடத்த முடியாதா?

முதல் நாள் தரை: சரிவு, மண், பலகை, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தல், காலையில் வண்டியைச் சோதித்தல். இரண்டாம் நாள் உயரம்: பெல்ட், எடை, கிளை, காற்று, மின்கம்பி. மூன்றாம் நாள் மீட்பு. இந்த மூன்றாம் நாளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேலே இருப்பவர் மயங்கினாலோ, இயந்திரம் நின்றாலோ, கீழேயுள்ள பிடியால் தொட்டியை இறக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் வண்டியருகே இருக்க வேண்டும். பெல்ட்டில் அசைவின்றித் தொங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து; கால்களில் இரத்தம் தேங்கிவிடும். தேநீர்க் கடைக்குப் போன ஓட்டுநரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வகுப்பில் தேறியவருக்கு ஓர் அட்டை கொடுங்கள். அட்டை இல்லாதவரைத் தொட்டியில் ஏற்றாதீர்கள். லாரி ஓட்டும் உரிமம் சாலைக்குத்தான். வானத்தில் நீளும் கைக்கு அல்ல.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. மரம் கழிக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்தால், மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நில்லுங்கள். வண்டியின் கையோ கிளையோ மின்கம்பியைத் தொட்டுவிட்டால் வண்டியைத் தொடாதீர்கள், உதவிக்கும் ஓடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தரையிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே உள்ள வேறுபாடே ஆளை வீழ்த்தும். அருகில் மாட்டிக்கொண்டால் பாதங்களை ஒட்டி வைத்துத் தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

திருப்புத்திறனும் அழுத்தமும் ஓம் விதியும் தேர்வுத்தாளில் மதிப்பெண் வாங்குவதற்காக மட்டும் எழுதப்படவில்லை. உங்கள் ஊரில் யாரோ ஒருவருடைய அப்பா மாலையில் வீடு திரும்புவதற்காகவும்தான் அவை இருக்கின்றன. அந்த மாணவனின் தந்தை பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனாலும் விஞ்ஞானத்தின் முதல் பாடம் அவருக்குத் தெரிந்திருந்தது: நம்புவதற்கு முன் சோதித்துப் பார். மரம் மாறலாம், ஏணி மாறலாம், நாளை அவர் மகன் இயந்திரத்திலேயே ஏறலாம். பாடம் மாறாது. ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறு!